குதிரை இல்லாத குதிரைப்பாட்டு

என் புருசன் குகதாசன் பாடிய பாட்டுகளில் எந்த இடத்திலும் குதிரை வராது. எட்டுப் பாட்டையும் புரட்டிப் பார்த்தாலும் சட்டி, பானை, பனி, பஸ், உருளைக்கிழங்கு, இவைதான் இருக்கும். ஆனாலும் சூரிச்சில் இருந்து வின்டர்தூர் வரைக்கும் எங்கள் சனம் அதற்கு வைத்த பெயர் குதிரைப்பாட்டு. ஆகவே நான் குதிரைப்பாட்டுக்காரரின் மனுசி. ஒரு கலியாண வீட்டிலோ சாமத்திய வீட்டிலோ, "என்ன புனிதவதி அக்கா, அவர் தொப்பி போட்டுக்கொண்டு வரேல்லையோ?" என்று யாராவது கேட்காமல் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியதில்லை.

கேட்டவர்களைச் சொல்லி என்ன? எனக்கும் அந்தப் பாட்டுப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவர் எண்பத்தைந்தில் இந்த நாட்டுக்கு வந்தவர். அகதி முகாமில் சில மாதம் இருந்தபிறகு, ஊஸ்டருக்கு மேலே மலைப்பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. சுற்றிவர மாட்டுப் பண்ணை. கடை மட்டும் அமெரிக்கக் கோலம். வாசலில் வண்டிச்சில்லு, சுவரில் மாட்டுக்கொம்பு, வருகிறவர்களுக்கு அகலத் தொப்பியும் கூர்ச் சப்பாத்தும். பெயர்ப்பலகையில் சலூன் என்று எழுதியிருக்கும். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளைக்குச் சலூனில் வேலை என்றதும் என் அம்மாவின் முகம் கறுத்தது. அது தலைமயிர் வெட்டுகிற இடம் இல்லை, பியர் விற்கிற இடம் என்று விளக்கம் வந்ததும் இன்னும் கறுத்தது. எப்படியோ தொண்ணூற்றொன்றில் நான் வந்து சேர்ந்தேன்.

கடை முதலாளி வெர்னர். சமையலும் அவர்தான். குசினியில் அடுப்புக்கு மேலே ஒரு ரேடியோப் பெட்டி. கடை திறந்ததில் இருந்து பூட்டும்வரை அதில் அமெரிக்கக் கன்ட்ரிப் பாட்டு ஓடும், குதிரையில் போய் மாடு மேய்க்கிறவர்களின் பாட்டு. இவர் முதலில் வேறு வழியில்லாமல் கேட்டார். பிறகு வழி இருந்தும் கேட்டார். ஜெர்மனை வெர்னரிடம் படித்தார், இங்கிலீசை அந்தப் பெட்டியிடம் படித்தார், கடைசியில் கிட்டாரையும் வெர்னரிடமே படித்தார். வெர்னருக்கு ஓர் இசைக்குழு இருந்தது. அவர் வாசிப்பது ஸ்டீல் கிட்டார். அதை மேசைபோலப் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் கம்பியை இழுப்பார்கள். அது பாடாது, சிணுங்கும். திங்கட்கிழமை கடை பூட்டு. கிழமையில் இவருக்கு இருந்த ஒரே லீவு நாளும் அந்தச் சிணுங்கலோடு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்குவது மத்தியானம்தான். அதனால் காலையில் எங்கள் வீட்டுக் குசினியில் கச்சேரி. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வெறும் போத்தலைக்கூடக் குப்பைத் தொட்டியில் சத்தம் வரப் போட முடியாது. எங்கள் கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்வார்ட் கீழ் வீட்டில் இருந்து ஏறிவந்து மணி அடிப்பார். கதவைத் திறப்பது யார்? நான்தான். "மன்னிக்க வேணும், இப்போது நிறுத்திவிடுவார்" என்ற ஒரு வசனத்தை நான் ஜெர்மனில் பிழையில்லாமல் பேசப் பழகியது அந்த வாசலில்தான். கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் செய்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது எனக்கு அலுத்துவிட்டது.

இரண்டாயிரத்தாறில் இவர் ஓர் இறுவட்டு, அதுதான் சீடி, போட்டார். தமிழில் கன்ட்ரி. சொல் இவருடையது, மெட்டும் இவருடையது, வெர்னரின் சிணுங்கல் பின்னால். டிரம் அடிக்கிறவர் வர முடியாமல் போனதால் கம்பியூட்டரில் டிரம் போட்டார்கள். இறுவட்டின் பெயர் 'பின்கதவு'. கடைக் குசினியின் பின்கதவில் நின்றுதான் இவர் சிகரெட் பிடிப்பார், பாட்டும் கட்டுவார்.

முதலில் அதைக் கடைக்கு வருகிற தொப்பிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வரிசையில் நின்று சப்பாத்துத் தட்டி ஆடுகிற கூட்டம் அது. இரண்டு பாட்டுக்குள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இதற்கு ஆட முடியாது என்றார் ஒருவர். மிஷின் அடிக்கிறது, இதெல்லாம் இந்தக் காலத்துக் குப்பை, கன்ட்ரியே இல்லை என்றார் இன்னொருவர். கன்ட்ரி என்றால் அமெரிக்காக்காரன் பாட வேண்டும் என்று சொன்ன மனுசன், மலைக்கு அந்தப்பக்கம் பால்மாடு வைத்திருக்கிற சுவிஸ்காரர். மொழி விளங்கவில்லை என்று ஒரு பொம்பிளை குறைப்பட்டாவாம். இங்கிலீசுப் பாட்டில் மட்டும் அவவுக்கு என்ன விளங்குகிறதோ?

இவர் வீட்டுக்கு வந்து சொன்னார், "அவையளுக்குப் பிடிக்காட்டிப் பரவாயில்லை. நான் எங்கட ஆக்களுக்கெண்டுதானே பாடினது."

எனக்கு அப்போது பொறுமை போய்விட்டது. "எங்கட ஆக்களுக்கும் பிடிக்காட்டி?" என்று கேட்டேன்.

"பிடிக்கும்."

"பிடிக்காட்டி என்ன செய்வியள்? அதைச் சொல்லுங்கோ."

தோளில் இருந்த கிட்டார்ப் பெட்டியை இறக்கி வைத்தார். பிறகு, "பிடிக்காட்டி கிட்டாரைக் கெல்லருக்கை கொண்டுபோய் வைக்கிறன். பிறகு தொடமாட்டன். காணுமோ?" என்றார். கெல்லர் என்பது கட்டடத்துக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள நிலவறை. பழைய சூட்கேசும் உடைந்த ஸ்கீயும் போய்ச்சேருகிற இடம். போதும் என்றேன். ஒரு சொல் கொடுத்தால் மாறாத மனுசன் அவர் என்பது எனக்குத் தெரியும். என் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரப்போகிறது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

வெளியீட்டுக்கு முன்னமே வின்டர்தூரில் சிவகலாவின் கடையில் கொஞ்ச இறுவட்டை விற்கக் கொடுத்திருந்தார். சிவகலா அங்கே முருங்கைக்காயும் மரக்கறியும் விற்கிறவள், வாயில் ஒன்றும் நில்லாது. நான் போய் நின்றதும் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. ஒராள் காருக்குள்ளை போட்டவராம், பிள்ளையள் இறங்கி நடந்து வாறம் எண்டுதுகளாம். இன்னொராள் சொல்லுறார், தண்ணியிலை விழுந்த ரேடியோ மாதிரிக் கிடக்காம்."

"வேறை?"

"மாடு மேய்க்கிற பாட்டோ எண்டு கேக்கினம். ரெண்டு பேர் திருப்பித் தந்திட்டினம் அக்கா. ஒராள் உறையைக்கூடக் கிழிக்கேல்லை. நான் கேட்டன், கேக்காமலே திருப்புறியளோ எண்டு. கேட்ட ஆக்கள் சொல்லிச்சினம், காணும் எண்டார்."

எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாங்கப் போன முருங்கைக்காயை வாங்காமல் வந்துவிட்டேன்.

இனி இவர் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன். எங்கள் இறுவட்டு வெளியீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, வெளியீட்டுரை, பிறகு ஆய்வுரை, கடைசியில் பாடினவரின் ஏற்புரை. ஆய்வுரை செய்கிறவர் இறுவட்டைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. மேடையில் வைத்துத்தான் பலர் பிளாஸ்டிக் உறையையே பிரிப்பார்கள். "காலத்தின் தேவை கருதிய படைப்பு" என்று தொடங்கி "அனைவரும் வாங்கி ஆதரவு தர வேண்டும்" என்று முடிப்பார்கள். நாங்கள் கைதட்டிவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போவோம். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

இவர் என்ன செய்தார்? தமிழ்ப் பள்ளிக்கூட இரவீந்திரன் மாஸ்டரின் வீட்டுக்கு இறுவட்டோடு போய், "மாஸ்டர், வடிவாக் கேட்டுப்போட்டு ஒளிக்காமல் சொல்லுங்கோ" என்றிருக்கிறார். வெர்னர் ஆட்கள் அப்படித்தானாம். பயிற்சி முடிந்ததும் வட்டமாக இருந்து ஒருவர் பாட்டில் ஒருவர் பிழை சொல்வார்களாம், பிறகு சிரித்துக்கொண்டு பியர் குடிப்பார்களாம். அதைப் போய் எங்கள் மேடையில் எதிர்பார்த்தால்? தன் வாயாலேயே கேட்டு வாங்கிய அடி அது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, வின்டர்தூரில் ஒரு தேவாலயத்தின் மண்டபம். நோட்டீசில் நாலு மணி என்று இருந்தது. நாலு மணி என்றால் ஐந்தரை என்பது எங்களுக்குத் தெரியும், வெர்னருக்குத் தெரியாது. கடையை மகளிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சேட்டும் கையில் தொப்பியுமாக நேரத்துக்கே வந்து, வெறும் கதிரைகளுக்கு நடுவில் தனியாக இருந்தாராம். நான் போனதும் என்னை முன்வரிசையில் தன் பக்கத்தில் இருத்தி, "எல்லாவற்றையும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டும்" என்றார்.

இரவீந்திரன் மாஸ்டர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். "தம்பி குகதாசன் என்னை ஒளிக்காமல் சொல்லச் சொன்னவர். அப்பிடியே செய்யிறன்" என்று தொடங்கினார்.

"இந்த இசை எங்கட மண்ணிலை முளைச்சதில்லை. இரவல் சட்டை. அதுவும் அளவில்லாத சட்டை."

"என்ன சொல்கிறார்?" என்றார் வெர்னர்.

"புதுமையாக இருக்கிறதாம்" என்றேன். வெள்ளைக்காரனுக்கு முன்னால் குடும்ப மானத்தை விற்க முடியுமா?

"மிஷின் ஒரு பக்கம் டிரம் அடிக்குது, மனுசன் ஒரு பக்கம் அழுறார். ரெண்டு பேரும் ஒருக்காலும் சந்திக்கேல்லை." சனம் சிரித்தது.

"தாளத்தைப் பற்றி நல்ல விளக்கம் சொல்கிறார்."

வெர்னர் தலையை ஆட்டினார். மேடையில் ஓரக் கதிரையில் இவர் இருந்தார். முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் குரலை இறக்கினார். "அங்கை சனம் குண்டுக்குள்ளை நிக்குது. பாதை பூட்டிக் கிடக்கு. இஞ்சை ஒராள் சட்டி கழுவுறதைப் பாட்டாப் பாடுறார். இதுக்கோ எங்களுக்கு இப்ப நேரம்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. என் தங்கச்சி குடும்பமும் ஊரில், அந்தச் சண்டைக்குள்தான் இருந்தது. மாஸ்டர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலையைத் திருப்பி மண்டபத்தைப் பார்த்தேன். அங்கே இருந்த ஆம்பிளைகளில் பாதிப்பேர் ஏதோ ஒரு குசினியில் சட்டி கழுவுகிறவர்கள். ஊருக்கு அனுப்புகிற படத்தில் மட்டும் கோட்டுச் சூட்டோடு யாரோ ஒருவரின் காருக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் போய் ஒருத்தர் சட்டியைப் பாடினால் யாருக்குப் பிடிக்கும்? கோபம் பாட்டில் இல்லை, சட்டியில்தான் என்று எனக்கு அப்போது பட்டது.

மாஸ்டர் ஒரு கடுதாசியை எடுத்தார். "நாலாம் பாட்டைக் கேளுங்கோ. மனுசியைப் பற்றின பாட்டாம்." பாடாமல், பாடம் வாசிக்கிற மாதிரி வாசித்தார்.

"விடிய முன்னம் போறவள், விளக்கு வைக்க வாறவள்,
கதவு திறக்க முன்னமே ஜவெல் மணக்குது.
அள்ளிச் சோறு போடுறாள், அந்தக் கையைப் பார்க்கிறன்,
ஆரோ வீட்டு நிலமெல்லாம் அதிலை மினுங்குது."

"ஜவெல் மணக்குதாம்" என்று கடுதாசியை மடித்தார். ஜவெல் என்றால் இங்கே கக்கூஸ் கழுவுகிற தண்ணி, அது தெரியாத தமிழர் அந்த மண்டபத்தில் இல்லை. "பொம்பிளையின்ர கையிலை மல்லிகை மணக்கும், சந்தனம் மணக்கும் எண்டு பாடின தமிழிலை, கக்கூஸ் தண்ணி மணக்குது எண்டு ஒருத்தர் பாடுறார். நான் கேக்கிறன், எந்த மனுசி இதைக் கேட்டுச் சந்தோசப்படுவா?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. எனக்குப் பின்வரிசையில் இருந்து ஒருத்தி என் தோளைத் தட்டினாள். நான் திரும்பவில்லை. என் வீட்டில், என் குசினியில், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஓடிய பாட்டு அது. சிணுங்கல்தான் என் காதில் விழுந்தது, சொல் விழவில்லை. என்னைப் பற்றி என் புருசன் எழுதியதை இரவீந்திரன் மாஸ்டரின் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் இவர் மேலா, மாஸ்டர் மேலா, சிரித்த சனத்தின் மேலா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இப்போது என்ன சொன்னார்?" என்றார் வெர்னர்.

"நன்றாக..." என்று தொடங்கினேன்.

"புனிதா, பொய் சொல்லாதே. நான் முப்பது வருசமாக மேடையில் இருக்கிறேன். பாட்டுக்குச் சிரிக்கிறதும் பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறதும் வேறு வேறு."

உள்ளபடி சொன்னேன். அந்த நாலு வரியையும் என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். வெர்னர் தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார். "உள்ளதைத்தானே பாடியிருக்கிறார். இதில் என்ன சிரிப்பு?" என்றார்.

பிறகு இவரை ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார், பார்த்தார், திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"மாஸ்டருக்கு நன்றி. நான் கேட்டபடி ஒளிக்காமல் சொன்னவர். வந்த எல்லாருக்கும் நன்றி. எங்கட ஆக்களுக்குப் பிடிக்காட்டிப் பாட்டை விடுறதெண்டு வீட்டிலை ஒரு வாக்குக் குடுத்தனான்." ஒரு தரம் இருமினார். "அப்பிடியே செய்வன். ரோல்ஸ், தேத்தண்ணி எல்லாம் பின்னாலை இருக்கு, ஒருத்தரும் சாப்பிடாமல் போகாதையுங்கோ."

யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்களோ தெரியாது. நான் எழும்பிவிட்டேன். மேடையோ ஒலிவாங்கியோ எனக்குப் பழக்கமில்லை, ஆனால் ஆஸ்பத்திரி நடைபாதையின் மற்ற முனையில் நிற்கிறவளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் இருக்கிறது.

"இஞ்சேருங்கோ, அந்த வாக்கு எனக்குத் தந்தது. எங்கட ஆக்களிலை நானும் ஒராள். நான் இன்னும் பாட்டைக் கேக்கேல்லை."

மாஸ்டர் விடவில்லை. "பார்த்தியளோ, வீட்டு மனுசியே கேக்கேல்லையாம்" என்றார். திரும்பவும் சிரிப்பு.

"ஓம் மாஸ்டர், கேக்கேல்லை. நீங்கள் கேட்டனீங்கள், எந்த மனுசி சந்தோசப்படுவா எண்டு. அது மற்ற ஆக்களிட்டைக் கேக்கிற கேள்வியில்லை, என்னட்டைக் கேக்கிற கேள்வி. கேட்டுப்போட்டுச் சொல்லுறன். இப்ப நீங்கள் போய் ரோல்ஸ் சாப்பிடுங்கோ."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இவர் காலையிலேயே கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, கெல்லர்ச் சாவியோடு வாசலில் சாத்தி வைத்திருந்தார். பயணம் போகிற ஆள் மாதிரி சப்பாத்தும் போட்டுக்கொண்டு, குசினிக் கதிரையில் வந்து இருந்தார். நான் வெங்காயமும் பலகையும் எடுத்துக்கொண்டு, இறுவட்டைப் பாட்டுப் பெட்டியில் போட்டேன். எட்டுப் பாட்டும் முடியும்வரை வெட்டிக்கொண்டே இருந்தேன். நாலாம் பாட்டு வந்தபோது வெங்காயம் நல்லதாகப் போயிற்று.

"சொல்லும்" என்றார்.

"ஒளிக்காமலோ?"

"ஓம், ஒளிக்காமல்."

"முதல் பாட்டுச் சரியான நீளம். ரெண்டாவதும் ஐஞ்சாவதும் ஒரே மெட்டு, ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைச்சியளோ? அந்த மிஷின் டிரம்மை மாஸ்டர் சொன்னது சரி. வெர்னரின்ர கிட்டார் வாலிலை மிதிபட்ட பூனை. உருளைக்கிழங்குப் பாட்டை நீங்கள் போட்டிருக்கவே கூடாது."

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக, "நாலாவது?" என்றார்.

"நாலாவது பிழை."

"என்ன பிழை?"

"ஆஸ்பத்திரியிலை ஜவெலை விட்டு எவ்வளவு காலம். இப்ப எல்லாத்துக்கும் ஸ்பிரிட்தான். கட்டின மனுசியின்ர கையிலை என்ன மணக்குது எண்டும் தெரியாமல் பாட்டெழுதியிருக்கிறியள்." கையைக் கழுவித் துடைத்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "மணந்து பாருங்கோ."

மணந்தார். கனநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். "வெங்காயம்" என்றார். பிறகு, "ஓம், ஸ்பிரிட்டும் கிடக்குது."

"அப்ப மாத்துங்கோ."

"ஸ்பிரிட் எண்ட சொல்லு அந்த மெட்டுக்குள்ளை நில்லாது புனிதம்."

"நிக்கப் பண்ணுங்கோ. அது உங்கட வேலை."

இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இந்த நாட்டில் இருபது வருசமாக இவருக்கு வேலை என்றால் சட்டிதான். பிறகு எழும்பிப் போய்ச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வாசலில் இருந்த பெட்டியைக் குசினிக்குள் தூக்கிவந்தார். கம்பியை முறுக்கினார், ஒரு தரம் பாடினார், நிறுத்தினார், திரும்பவும் பாடினார். எனக்கு இன்னும் அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை. சொல் மட்டும் காதில் விழுந்தது.

வழக்கம்போல மணி அடித்தது. கதவைத் திறந்தேன். ஹவுஸ்வார்ட் இரவு உடுப்புக்கூட மாற்றாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். என் வாயில் இருந்து அந்தப் பழைய வசனம் வரட்டும் என்று காத்திருந்தார்.

"என் கணவர் வேலை செய்கிறார்" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலா?"

"குசினிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.